கோதண்டம் நிலத்தில் நான் கண்ட பாறை

பூமிக்குள் இருப்பதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். சட்டைப் பையில் வைத்த பஸ் டிக்கெட்டைக் கண்டுபிடிக்கத் தெரியாது. (செக்கர்களைக் கேளுங்கள்.)

1991. முதல் வேலை. வல்லம் வடகாலில் கோதண்டம் என்பவருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். அதில் கிணறு தோண்டுவதா, நிலம் கேட்டு நடையாய் நடக்கும் கம்பெனிக்கு விற்பதா என்று என் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும்.

தரையில் அதிர்வை உணரும் பன்னிரண்டு ஜியோபோன்களை வரிசையாக ஊன்றினேன். ஓரத்தில் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்தால் அதிர்வு மண்ணுக்குள் ஓடி ஒவ்வொன்றுக்கும் வந்துசேரும். கெட்டிப் பாறையில் சீக்கிரம், தண்ணீர் நிற்கும் விரிசலில் தாமதமாக. அந்த நேரங்களைக் கொடுத்தால் அடியில் இருப்பதைக் கம்ப்யூட்டர் படமாக வரையும்.

"என் நெலம் சார், நானே அடிக்கிறேன்" என்று சம்மட்டியை வாங்கிக்கொண்டார் கோதண்டம்.

நடுவில் ஒரு மாடு வந்தது. அவர் மனைவி மல்லிகா ஓடிவந்து ஏழாவதையும் எட்டாவதையும் பிடுங்கி, மாட்டை விரட்டிவிட்டு, மறுபடி ஊன்றினார். அடித்தபோது அந்த இரண்டில் மட்டும் அதிர்வு தாமதமாக வந்தது.

"ஏம்மா, சரியா ஊனலியா?"

"நல்லா அழுத்தித்தான் சார் ஊனிக்கீறேன். இன்னொரு தபா அடிச்சிப் பாருங்களேன்."

பார்த்திருக்கலாம். மூன்றரை மணி பஸ் போய்விடுமே! எம்.எஸ்ஸி. படித்த எனக்கு அந்தம்மா சொல்வதா? ஏழையும் எட்டையும் கணக்கிலிருந்து தூக்கிவிட்டேன். கம்ப்யூட்டர் ஒரே பாறையாக, பளிங்கு மாதிரி வரைந்தது. எங்கள் ஆபீஸ் மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"முழுக்கப் பாறைங்க. தண்ணி கிடையாது" என்றேன். கோதண்டம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷினே சொல்லிச்சின்னா இன்னா பண்றது சார்."

விற்றுவிட்டார்.

பல வருடங்கள் கழித்து அந்தக் கம்பெனிக்கு ஒரு வேலையாகப் போனேன். கேட்டில் காக்கிச் சட்டையில் கோதண்டம். என்னை அடையாளம் கண்டுகொண்டு, உள்ளே ஒரு போர்வெல்லைக் காட்டினார்.

"அன்னிக்கு மாடு வந்துச்சே, அதே எடம் சார். வத்துனதே இல்ல."

விரிசல் அங்கேதான் இருந்திருக்கிறது. மல்லிகா சரியாகத்தான் ஊன்றியிருக்கிறார். கோதண்டம் நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அவர் டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினார்.

"ஷிப்ட் முடிஞ்சா ஒரு கேன் எட்துகினு போவேன் சார். எங்க வூட்ல இத தண்ணின்னே சொல்றதில்ல. 'சார் பாறை கொஞ்சம் ஊத்து'ன்னு பேரப்பசங்ககூடக் கேக்குதுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

குடித்தேன். துளிகூட உப்பில்லை.