ஆடியில் வாங்கிய பெட்டி

ஒரு காட்டில், சிக்னல் ஓரளவு கிடைக்கும் ஓடைக்கரைப் பக்கம், பவளம் என்று ஒரு முயல் இருந்தது. அதற்கிருந்த சொத்து ஒரே ஒரு வளை. அதற்கும் பட்டா கிடையாது. இது தெரிந்தோ என்னமோ, சிங்கராஜா ஒருநாள் தூக்கத்திலிருந்து எழுந்து உத்தரவு போட்டுவிட்டார்: "ஆவணி முதல் தேதி மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் மனுப் போடாதவர்களின் வளை, மனுப் போட்ட வேறு யாருக்காவது கொடுக்கப்படும்." ராஜாவுக்கென்ன, அவருடைய குகைக்கு யார் பட்டா கேட்கப்போகிறார்கள்?

மறுநாளே பக்கத்துப் பெருச்சாளி வந்து, பவளத்தின் வாசலை வாலால் அளந்து பார்த்துவிட்டுப் போனது. பவளம் அதற்குமேல் காத்திருக்கவில்லை. சேர்த்து வைத்திருந்த முந்நூறு கேரட்டையும் மூட்டை கட்டிக்கொண்டு, ஆடி முதல் தேதியன்று நரியின் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடியது.

கடை வாசலில் அம்மாம் பெரிய பலகை: "ஆடித் தள்ளுபடி! புதிதாக வாங்குவோருக்கு ஓ.எஸ். பன்னிரண்டு முற்றிலும் இலவசம்!"

"வாங்கக்கா, வாங்க! உட்காருங்க" என்று நரி நாற்காலியைத் துடைத்துப் போட்டது. ஜில்லென்று நன்னாரி சர்பத் வந்தது. பவளத்தை அதுவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. பாவம், அதற்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பட்டா மனு இந்தக் கம்ப்யூட்டர்ல போடலாமில்ல அண்ணே?"

"உள்ள இருக்கற ஓ.எஸ். பதினொண்ணு. மனு பன்னிரண்டுலதான் ஏறும். நெட்டைப் போட்டீங்கன்னா பன்னிரண்டு தானா வந்து உட்கார்ந்துக்கும். ஒரு கேரட் செலவில்ல."

பவளம் முந்நூறையும் எண்ணி வைத்தது. பில்லோடு ஒரு தினசரி காலண்டரும் இலவசமாக வந்தது. மேலே நரி கைகூப்பிச் சிரிக்கும் படம்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன்க்கா" என்றது நரி. "ஆடியில வாங்கலாம், தப்பில்ல. பெட்டியைப் பிரிக்கத்தான் கூடாது. காலண்டர்லயே போட்டிருக்கு பாருங்க. ஆவணி ஒண்ணு காலைல ஒன்பது மணி, அருமையான முகூர்த்தம்."

"கடைசித் தேதியும் அன்னிக்குத்தானே?"

"சாயங்காலம் அஞ்சு வரைக்கும் டைம் இருக்கே! என்ன அவசரம்?"

சிரிக்காதீர்கள். ஆடியில் முண்டியடித்து வாங்குவதும் நாம்தான், ஆடியில் நல்ல காரியம் தொடங்க மாட்டேன் என்பதும் நாம்தான். முயலுக்கு மட்டும் தனி மூளையா வைத்திருக்கிறது?

முப்பத்தொரு நாளும் பவளம் காலையில் எழுந்து தாளைக் கிழித்தது. பெட்டிக்குத் தலையணை உறை போட்டு மூடிவைத்தது. ஆவணி பிறந்ததும் உறையை எடுத்து, பெட்டியைப் பிரித்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, கற்பூரம் காட்டி, சரியாக ஒன்பது மணிக்கு சுவிட்சைத் தட்டியது. மனுவைத் திறந்தால் "ஓ.எஸ். பன்னிரண்டு தேவை" என்று வந்தது. பன்னிரண்டை ஏற்றப் போனால், "வாங்கிய முப்பது நாளுக்குள் மட்டுமே இலவசம். தங்கள் கட்டணம் இருநூறு கேரட்."

பவளம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியது. அங்கே நாற்காலியில் பெருச்சாளி உட்கார்ந்து சர்பத் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆடி முழுக்க தினமும் வந்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்று குடித்துவிட்டுப் போனதாம்.

"டோக்கன் எடுத்துட்டு நில்லுங்க" என்றது நரி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அக்காவெல்லாம் அத்தோடு போச்சு.

டோக்கன் நாற்பத்தேழு. முறை வரும்போது மணி இரண்டு.

"அண்ணே, இன்னிக்குத்தான் அண்ணே பிரிச்சேன்! நீங்கதானே ஆடியில பிரிக்காதேன்னு சொன்னீங்க?"

"பிரிக்க வேண்டாம்னேன். பில் தேதி ஓடாதுன்னு சொன்னேனா? நீங்க இப்ப பழைய கஸ்டமர்ம்மா. இருநூறு கேரட் இருக்கா?"

"மூணு இருக்கு."

நரி உச்சுக் கொட்டியது. "சரி, இந்தப் பழசை நாற்பது கேரட்டுக்கு எடுத்துக்கறேன். கடை மிஷின்ல பன்னிரண்டு இருக்கு. மனுப் போட்டுக்க ஃபீஸும் நாற்பதுதான். கணக்கு நேர். இந்தாங்க, அதுக்கு ஒரு டோக்கன்."

வேறு என்ன செய்ய? பவளம் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றது. நரி ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தது. எலுமிச்சம்பழத்தைச் சர்பத்தில் பிழிந்தது. கம்ப்யூட்டரைப் புதுப் பெட்டியில் போட்டு ஒட்டி, பெருச்சாளியின் மடியில் வைத்தது. "உங்களுக்காகன்னு எடுத்து வெச்சேன் சார். அம்பது கேரட்தான்."

பெருச்சாளி பெட்டியை அங்கேயே கிழித்து, அங்கேயே தட்டியது. பன்னிரண்டு இலவசமாக வந்து உட்கார்ந்தது. ஓடைக்கரை வளைக்கு மனுவும் போயிற்று.

பவளத்துக்கு வந்ததே கோபம்! "அது என் பெட்டி அண்ணே! என்கிட்ட இருந்தா இருநூறு, அவர்கிட்ட போனா இலவசமா?"

"பெட்டி பழசுதாம்மா. வாங்கினவர் புதுசு" என்றது நரி.

மணி ஐந்து அடித்தபோது பவளத்துக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் நின்றார்கள்.

இப்போது பவளம் தன் வளையின் ஒரு மூலையில், பெருச்சாளிக்கு வாடகை கொடுத்துக் குடியிருக்கிறது. வாடகைக்காக நரியின் கடை வாசலிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டது. அடுத்த ஆடி முதல் தேதி, ஒரு அணில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வெளியே வந்தது.

"அக்கா, இதை இன்னிக்கே பிரிச்சிடலாமா?"

பவளம் கடைக்குள் ஒரு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு அணிலின் கையில் ஒரு காலண்டரைக் கொடுத்தது.

"ஆடியிலயா? ஐயய்யோ, வேண்டாம்மா!"

நீதி: வாங்கப்போகிறவருக்கு நாற்காலி, வாங்கிவிட்டவருக்கு டோக்கன். ஆகையால் எந்தக் கடைக்குப் போனாலும் சர்பத்தைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்து வாருங்கள்.