வெள்ளிக்கிழமை மணம்

சிகரெட்டை அணைக்கவும் தொலைபேசி அடிக்கவும் சரியாக இருந்தது.

"பஸ் ஏறிட்டன்," என்றாள், மகளைப் பார்க்கப் போயிருந்த மனைவி சபியா உம்மா. "ஊடு எப்பிடிக் கிடக்கு?"

காலிதீன் அடுப்படியில் நின்றபடி குசினியைச் சுற்றிப் பார்த்தார். விடாத மாரி மழை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. போக வழியில்லாத புகை, வந்த விருந்தாளியைப் போல நடுவில் நின்றது.

"நல்லாக் கிடக்கு."

போன வருசம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அவள் சொல்லிவிட்டாள்: "இனி ஒரு சிகரெட் மணம் வந்திச்செண்டா, அக்கரைப்பற்றுல மகள்ட ஊட்டுலயே நிண்டுக்குவன்." சொன்னால் செய்கிறவள். பதிலுக்கு அவரும் ஒரு சட்டம் போட்டார். அவளுக்கு பிரஷர்; ஆகவே இந்த வீட்டு வாசல் படலைக்குள் கருவாடு நுழையக் கூடாது. அவள் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். முப்பது வருசக் குடும்ப வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

ஜன்னலைத் திறந்தார். மழை உள்ளே வந்தது. புகை வெளியே போகவில்லை.

அப்போதுதான் வெள்ளிக்கிழமை மணம் ஞாபகம் வந்தது. குளிர்கால விடுமுறைக்கு வெள்ளைக்காரர் வீடு மணக்க அடுப்பில் அவிக்கிற தண்ணீர் என்று போனில் பார்த்துப் பழகியிருந்தாள் சபியா உம்மா. வெள்ளிதோறும் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வரும்போது வீடு கமகமவென்று இருக்கும். பெரிய நாளைக் கண்ணியப்படுத்துகிறாள் என்று அவர் மனதுக்குள் நெகிழ்ந்துகொள்வார். வாய் திறந்து சொன்னதில்லை. எதையும் வாய் திறந்து சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

சட்டியில் தண்ணீர் வைத்தார். கறுவாப்பட்டை, கராம்பு, ஏலக்காய், இரண்டு துண்டு ரம்பை இலை. தோடம்பழத்தோலும் போடுவாள், வீட்டில் ஆரஞ்சு எதுவும் இல்லை. பரவாயில்லை என்று விட்டார்.

கொதித்தது. மணந்தது. மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா.

"என்ன காக்கா, புரியாணியா?"

காலிதீன் சட்டிக்கு முன்னால் வந்து மறைத்து நின்றார்.

"ராத்தா இல்லாத நேரம் ஆரு ஆக்குற?"

"ஒருத்தரும் இல்ல. தண்ணி."

"தண்ணியா? ரெண்டு சஹன் நிறையப் புரியாணிட மணம் வருது, தண்ணியாம்!" அவளுடைய குரல் தாழ்ந்தது. "உள்ளுக்க ஆரும் வந்திரிக்காங்களா, காக்கா?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் வம்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அதைவிடப் பெரிய வம்பு என்பது அவள் மதிலைவிட்டு இறங்கிய வேகத்தில் தெரிந்தது.

புரியாணி மணத்தை முதலில் கொல்ல வேண்டும். கைக்கு அகப்பட்ட இஞ்சியைத் தட்டிப் போட்டார். கொத்தமல்லி ஒரு பிடி போட்டார். மணம் மாறத்தான் செய்தது.

ஆட்டோ ஓட்டுகிற ஜெஸீம் படலையில் நின்று எட்டிப் பார்த்தான்.

"காக்கா, காய்ச்சல் குடிநீர் அவிக்கிற மணம் சந்தி வரைக்கும் வருது. என்ன, சுகமில்லியா?"

வாயைத் திறந்தால் சிகரெட் மணக்கும். காலிதீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார்.

"வயித்தப் பெரட்டிச் சத்தியும் வருதா? நெஞ்சு நோகுதா?"

மறுபடியும் தலையாட்டினார். இல்லை என்றுதான் ஆட்டினார். ஜெஸீம் அதை எப்படி எடுத்தானோ தெரியாது.

"படுங்க காக்கா. அசைய வேணாம். இப்ப ஆளக் கூட்டிட்டு வாறன்."

அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மனிதனுக்குத் தனியாக இருக்க ஒரு வழி இருக்க வேண்டும். வீட்டில் இப்போது சிகரெட், புரியாணி, காய்ச்சல் மூன்றும் மணந்தன. பஸ் இந்நேரம் நிந்தவூரைத் தாண்டியிருக்கும்.

அலுமாரியைத் திறந்தார். ஒரு போத்தல் பன்னீர் இருந்தது. சட்டியில் கவிழ்த்தார். பூச்சி வராமல் துணிகளுக்கிடையே வைத்திருந்த கற்பூரத்தையும் போட்டார். கொஞ்சம் அத்தர். நீராவி எழுந்து வீட்டை நிரப்பியது. சிகரெட் மணம் இல்லவே இல்லை. காலிதீன் கதிரையில் சாய்ந்து, மழை நின்றுபோனதைக் கவனித்தார். எத்தனை அமைதி.

வெளியே ஆயிஷா உம்மாவின் குரல் கேட்டது.

"இன்னாலில்லாஹி..."

அவருக்கும் மனம் கனத்தது. ஆரோ பாவம், இறந்துவிட்டார். ஆராக இருக்கும் என்று யோசித்தபடி இருந்தார்.

"குடிநீர் குடுத்தும் கேக்கல்ல போல."

"கதவு பூட்டிக் கிடக்கு. உள்ளுக்கு மையத்தக் குளிப்பாட்டுறாங்க. கற்பூரத் தண்ணி மணம் வருதுதானே?"

"ராத்தாக்கு ஆரு சொல்லுற? நீ சொல்லு ஜெஸீம்."

"எனக்கு ஏலா. நான் கதிர எடுத்திட்டு வாறன்."

ஆராக இருக்கும் என்பது காலிதீனுக்கு விளங்கிவிட்டது.

கதவைத் திறந்து, நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதை எந்த முகத்தோடு சொல்வது? தன் மையத்தை அடக்க வந்தவர்களை வாங்க என்பதா, போங்க என்பதா? யோசித்துக்கொண்டிருக்கையில் பிளாஸ்டிக் கதிரைகள் முற்றத்தில் வரிசையாக விழுகிற சத்தம் கேட்டது.

அதற்குமேல் கேட்டது சபியா உம்மாவின் அலறல்.

அவர் கதவைத் திறந்தார். முற்றமே எழுந்து நின்றது. ஆயிஷா உம்மா ஜெஸீமின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சபியா உம்மாவின் கையிலிருந்த பை விழுந்து, தோடம்பழங்கள் கதிரைகளுக்கு அடியில் உருண்டன.

"இரிக்கிங்களா?"

"ஓம்."

அவள் அவருடைய கையையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கு முன்னால் முதல்தடவையாக அவருடைய விரலைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடிக்கு முன்னால் பொய் நிற்கவில்லை.

"ஒரு சிகரெட் குடிச்சிட்டன். மணம் போகட்டுமெண்டு, நீ வெள்ளிக்கிழமையில அவிக்கிற தண்ணிய..."

"சிகரெட்டா?" என்றாள். பிடித்திருந்த விரலை விட்டாள். அவருக்கு அக்கரைப்பற்று பஸ் கண்ணில் தெரிந்தது.

"தோடம்பழத்தோல் போடல்லியா?"

"இல்ல."

"அது போட்டாத்தான் மத்த மணத்த அமத்தும்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உசிரோட இரிக்கிங்க. அது போதும் எனக்கு."

காலிதீன் மூச்சை விட்டார். எத்தனை பெரிய மனசு! ஆயிஷா உம்மா, புரியாணியும் இல்லை மையத்தும் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே தோடம்பழங்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். ஜெஸீம் கதிரைகளை அடுக்கிக்கொண்டு போனான். முற்றம் வெறுமையானது. அவர் உள்ளே போய், கதவுக்குப் பின்னால் தேத்தண்ணியோடு உட்கார்ந்தார்.

படலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பாண்டிருப்பிலிருந்து வந்து மீன் விற்கிற தங்கராசா. மரணச் செய்தியைப் பிந்தித்தான் கேள்விப்பட்டிருக்கிறார். தலைத்துண்டை அவிழ்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, சிவந்த கண்ணோடு வாசலில் நின்ற சபியா உம்மாவைப் பார்த்தார். அவள் அவசரமாகக் கையைக் காட்டினாள். அழுகையில் காட்டுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"அழாதீங்க அக்கா," என்றார், தெருவுக்கே கேட்கிற குரலில். "வெள்ளிக்கிழமையில ஐயா பள்ளிக்குப் போகுமட்டும் நான் கருவாட்டோட சந்தியில ஒளிச்சு நிக்கிறதும், நீங்க அதப் பொரிச்சுத் திண்டுட்டு அவர் வாறதுக்குள்ள மணத்தண்ணி அவிக்கிறதும் இண்டையோட முடிஞ்சுதெண்டு நினைச்சா, எனக்கும்தான் தாங்க ஏலாமக் கிடக்கு."