சும்மா இருப்பவரின் மனைவி

மதிப்பிற்குரிய பெரிய அத்தான் அவர்களுக்கு, செங்டுவிலிருந்து உங்கள் தம்பி மனைவி பெய்லான் பணிவுடன் எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அங்கே அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

நேற்றுத் தொலைபேசியில், "வீட்டுப் பொம்பளை இப்படி உக்காந்துட்டா எப்படிம்மா? எந்திரிச்சு அடுப்பப் பத்த வை" என்றீர்கள். உங்களிடம் நேரில் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் தம்பி பஸ் டிப்போ மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தபோது, கோயில் தேநீர்க்கடையில் நடக்கும் சனிக்கிழமைச் சொற்பொழிவுக்கு அழைத்துப்போனவர் நீங்கள்தான். சும்மா இருந்தால் உலகம் தன் போக்கில் தானே சரியாகிவிடும் என்று அந்தக் காலத்து ஞானிகள் சொன்னார்களாம். இவருக்கு அதில் முதல் பாதி ரொம்பப் பிடித்துவிட்டது. பஸ்ஸுக்கு அடியில் படுத்தே காலம் கழித்த மனுஷன், சமையலறைக் குழாய் ஒழுகியபோது ஸ்பானரைத் தொடவில்லை. "தண்ணி தன் வழியத் தானே பாத்துக்கும், பெய்லான்" என்றார். பார்த்துக்கொண்டது. கீழ்வீட்டு கெங் அம்மாள் மாஜோங் ஆடும் மேசைமேல் போய் இறங்கியது. அவள் நனைந்த தலையோடு மேலே வந்து, "உங்க வீட்டு ஞானம் எங்க வீட்டுல ஒழுகுது" என்றாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஈரமும் இயற்கைதானே" என்றார். அவள் சொன்ன பதிலை உங்களுக்கு எழுத முடியாது.

அன்றைக்குத்தான் நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்ததும், "சோறு?" என்றார். "அது தன் வழியத் தானே பாத்துக்கும்" என்றேன். வெகுநேரம் இருவரும் ஞானிகளாகவே இருந்தோம். அவர் வயிறுதான் முதலில் பேசியது. முனகிக்கொண்டே எழுந்து அரிசியைக் களைந்தவர், காலடியில் தேங்கிய தண்ணீரில் வழுக்கியதும் ஸ்பானரைத் தேடி எடுத்துக் குழாயையும் சரிசெய்தார். நான் அசையவில்லை. ஆக, சும்மா இருந்தால் எல்லாம் தானே நடக்கிறது, அத்தான். யார் சும்மா இருப்பது என்பதில்தான் நீங்கள் தவறிவிட்டீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து மத்தியானத்தில் இந்த ஜன்னலருகே நான் உட்கார்ந்ததில்லை. எதிர்மாடியில் ஒருவர் புறா வளர்க்கிறார் என்பதே இப்போதுதான் தெரிகிறது. என்னை எழுப்ப நீங்கள் வருவதானால் வாருங்கள். வருமுன், உங்கள் ஞானிகள் சும்மா உட்கார்ந்திருந்தபோது சோறு பொங்கியது யார் என்று அந்தச் சொற்பொழிவாளரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

உட்கார்ந்தபடியே வணங்கும்,
பெய்லான்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் சமையலறையில் சத்தம். எட்டிப் பார்த்தால் உங்கள் தம்பி, ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் கெட்டுப்போகும் என் உப்புநீர் ஊறுகாய்ச் சாடியைத் திறந்து, எண்ணெய்க் கரண்டியை உள்ளே விடப்போகிறார். ஞானமாவது மண்ணாங்கட்டியாவது. எழுந்துவிட்டேன்.