பச்சைப் பெட்டி

“இதையெல்லாம் வெளியே எடுத்துட்டா, சாயங்காலம் மறுபடியும் உள்ளே வைக்கணுமா டீச்சர்?” என்று கேட்டார் சின்ன டீச்சர்.

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அந்தப் பெட்டி விஷயத்தில் பெரிய டீச்சருக்கே ஒரு குழப்பம் வந்திருந்தது.

அது ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. மூன்று வகுப்பறை, ஒரு தாழ்வாரம், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டே ஆசிரியைகள். தலைமையாசிரியை என்பதால் ஒருவர் பெரிய டீச்சர். மற்றவர் அவரைவிட அரை அடி உயரம்; இருந்தாலும் சின்ன டீச்சர்தான். காலையில் வந்து பெருக்கித் துடைத்துவிட்டுப் போக ஓர் அக்கா உண்டு. இவர்களோடு, பெரிய டீச்சரின் அறையில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி. அதன் சாவி அவருடைய கைப்பையை விட்டு இறங்கியதே கிடையாது.

பெட்டிக்குள்ளே ஓர் உலக உருண்டை இருந்தது, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு. எலும்புக்கூடு, சூரியக் குடும்பம் என்று மடிப்புக் கலையாத சார்ட்டுகள் ஒரு டஜன். கண்ணாடித்தாள் பிரிக்காத நாற்பது கதைப் புத்தகங்கள். மேசைக்கு ஒரு பூப்போட்ட விரிப்பு. ஆய்வுக்கு அதிகாரி வருகிற அன்று எல்லாம் வெளியே வரும். அதிகாரியின் ஜீப் தெருமுனை திரும்பியதும் எல்லாம் உள்ளே போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுத்தால் பாழாகிவிடும், பாழாகிவிட்டால் ஆய்வில் எதைக் காட்டுவது? இதுதான் பெரிய டீச்சரின் கொள்கை. அதைக் குறை சொல்லவும் முடியாது. இதுவரை பதினொரு ஆய்வு, பதினொன்றிலும் ‘நன்று’.

இந்தத் தடவை வந்த சுற்றறிக்கைதான் எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. ‘பள்ளியின் அன்றாட நடப்பு, பள்ளிக்குத் தெரியாத வகையில் மதிப்பிடப்படும். வரும் வெள்ளிக்கிழமையுடன் மதிப்பீடு நிறைவுபெறும்.’ அவ்வளவுதான். யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று ஒரு வரி கிடையாது.

“வழக்கமா முந்தின நாளே ஆபீஸ்லேருந்து போன் வந்துடுமே” என்றார் பெரிய டீச்சர்.

துடைப்பத்தோடு போய்க்கொண்டிருந்த அக்கா, “மாறுவேஷத்துல வருவாங்களோ என்னமோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா விளையாட்டுக்குத்தான் சொன்னார். பெரிய டீச்சர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மதிப்பெண் குறைந்தால் பள்ளியை மூடி, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். லாரியும் பஸ்ஸும் ஓயாத சாலை அது. ஒன்றாம் வகுப்பில் பதினாறு வாண்டுகள். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். அவர்கள் அந்தச் சாலையைத் தாண்டுவதைப் பெரிய டீச்சரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“அஞ்சு நாளும் பெட்டி திறந்தே இருக்கட்டும்” என்று முடிவு சொன்னார்.

எல்லாவற்றையும் தாழ்வாரத்தில் பரப்பினார்கள். வருகிறவர் எந்த வேஷத்தில் வந்தாலும் முதலில் கண்ணில் படவேண்டிய இடம் அதுதானே. சுவரில் சார்ட்டுகள், மேசையில் பூ விரிப்பு, அதன்மேல் புத்தகங்கள், நடுவில் உலக உருண்டை. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளும் வந்து மொய்த்துவிட்டார்கள். அதுவரை உலக உருண்டையை அவர்கள் பாடப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருந்தார்கள். பெரிய டீச்சர் மேசையைச் சுற்றிக் கயிறு கட்டினார்.

“உருண்டை ஏன் டீச்சர் கயித்துக்குள்ள இருக்கு?”

கேட்டது யாரென்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிறுமி. வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் பள்ளி முழுக்க அவள் பெயர் ‘ஏன்’ என்று ஆகிவிட்டது. “அவங்க அம்மாவுக்கு வேலை மாத்தல், இந்தப் பக்கம் குடி வந்திருக்கோம்” என்று அப்பா வந்து சேர்த்துவிட்டுப் போனார். ஐம்பத்தேழு ஐம்பத்தெட்டான சந்தோஷத்தில் பெரிய டீச்சர் மேற்கொண்டு எதையும் விசாரிக்கவில்லை.

“பத்திரமா இருக்கட்டும்னுதான் கண்ணு.”

“யாருகிட்டேருந்து?”

“உங்ககிட்டேருந்துதான்.”

“ஏன், நாங்க என்ன பண்ணுவோம்?”

“பிடிச்சுச் சுத்திடுவீங்க.”

“உலகம் சுத்தும்னு சின்ன டீச்சர் சொன்னாங்களே.”

சின்ன டீச்சர் சட்டென்று எலும்புக்கூட்டுச் சார்ட்டைச் சரிசெய்யப் போய்விட்டார்.

“சரி, வீட்ல கேட்டா அப்படியே சொல்றேன்” என்று சொல்லிவிட்டு ‘ஏன்’ நகர்ந்தாள்.

வருகிறவரிடமும் இவள் இப்படி வாயைக் கொடுத்தால் என்ன ஆகும்? பெரிய டீச்சர் அவளை முதல் வரிசையிலிருந்து எழுப்பி, கடைசி வரிசையில் பீரோவுக்குப் பின்னால் உட்கார வைத்தார்.

“ஏன் டீச்சர்?”

“இங்க காத்து நல்லா வரும்.”

‘ஏன்’ சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே ஜன்னலே இல்லை.

திங்கட்கிழமை தபால்காரர் வந்தார். அவருக்கு நாற்காலி போட்டு, ஐந்தாம் வகுப்பை வரவேற்புப் பாட்டுப் பாடவைத்தார் பெரிய டீச்சர். செவ்வாய்க்கிழமை யாரோ வழி கேட்டு வந்தார். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, வந்த வழியே ஓடினார். புதன்கிழமை பதினோரு மணிக்குத்தான் உண்மையான ஆள் வந்தார். வந்தவர் வாசலில் நின்று கூரையைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். பெரிய டீச்சர் வாசலுக்கு ஓடினார்.

“வாங்க சார், வாங்க. உட்காருங்க. டீ சொல்லவா?”

“அதெல்லாம் வேணாம்மா. குழாய் எங்க இருக்கு?”

‘அடேயப்பா, எடுத்ததுமே சுகாதாரத்துல கை வைக்கறாரே’ என்று நினைத்துக்கொண்டார் பெரிய டீச்சர். தாழ்வாரக் குழாய் ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் அதைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்.

“குழாயா? அது ரொம்ப நல்லா இருக்கு சார்.”

“ஒழுகுதுன்னு சொன்னாங்க.”

“யார் சொன்னது? வேண்டாதவங்க யாராவது சொல்லியிருப்பாங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் ஒரு சொட்டு வீணானது கிடையாது சார்.”

வந்தவர் தலையைச் சொறிந்தார். “நிச்சயமாத்தான் சொல்றீங்களா?”

“என் சர்வீஸ் மேல சத்தியம் சார். நீங்க எழுதிக்கலாம்.”

அவரும் எழுதிக்கொண்டார். பிள்ளைகள் எழுந்து நின்று கும்பிட, அவரும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, ஒன்றும் புரியாமல் கிளம்பிப் போனார். கையில் ஒரு கனத்த பை இருந்தது. ஃபைல்களாக இருக்கும் என்று பெரிய டீச்சர் நினைத்துக்கொண்டார்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒருவேளை அவர் மறுபடி வந்து குழாயைத் திறந்து பார்த்தால்? பெரிய டீச்சர் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்கினார். சொட்டுவது நின்றது. அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் குழாயின் தலை தனியாகக் கழன்று பறந்தது.

தண்ணீர் பீறிட்டு அடித்தது. அடித்த இடமும் பார்த்து வைத்தாற்போல இருந்தது. சூரியக் குடும்பம் முதலில் நனைந்தது. அப்புறம் எலும்புக்கூடு. அப்புறம் நாற்பது புத்தகங்கள். கண்ணாடித்தாளுக்குள் தண்ணீர் புகுந்து, மீன் வாங்கிய பைகள் மாதிரி ஆகிவிட்டன. பெரிய டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காதான் ஓடிப்போய்த் தொட்டியின் வால்வை மூடினார்.

“இதுக்குத்தானே டீச்சர் அன்னிக்கே குழாய்க்காரரை வரச் சொன்னேன்” என்றார் புடவையைப் பிழிந்தபடி. “புதன்கிழமை வரேன்னாரே, வரலையா?”

பெரிய டீச்சர் மெல்லத் திரும்பினார். “ஆள் எப்படி இருப்பார்?”

“ஒல்லியா இருப்பார். சட்டைப்பையில ஒரு நோட்டு வெச்சிருப்பார். கையில ஸ்பானர் பை.”

சின்ன டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அது சிரிப்பா வருத்தமா என்று பெரிய டீச்சர் கேட்டுக்கொள்ளவில்லை. போனை எடுத்தார்.

“உங்க பள்ளிக்கூடமா?” என்றார் குழாய்க்காரர். “குழாய் ரொம்ப நல்லா இருக்குன்னு சத்தியமே பண்ணீங்களேம்மா. நோட்டுல கூட எழுதியிருக்கேன். இப்ப வேற இடத்துல மாட்டிக்கிட்டேன், மூணு மணிக்கு வரேன்.”

இனி புத்தகங்களைக் காப்பாற்றியாக வேண்டும். மூடி வைத்தால் தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பக்கமாக விரித்துக் காயவைக்க வேண்டும். நாற்பது புத்தகத்துக்கு இரண்டு டீச்சர், ஓர் அக்கா எந்த மூலைக்கு? பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, பத்தொன்பது வருடத்தில் சொல்லாததைச் சொன்னார்.

“கயித்தை அவிழ்த்துடுங்க. பெரிய பசங்க ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்துட்டு வெயில்ல போய் உட்காருங்க. ஒரு பக்கம் காஞ்சதும் அடுத்த பக்கம் திருப்பணும். யாரும் கிழிக்கக் கூடாது.”

சார்ட்டுகளைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள். உலக உருண்டையின் உறையைப் பிய்த்து எறிந்து, “எல்லாப் பக்கமும் காயணும், மெதுவாச் சுத்திக்கிட்டே இரு” என்று ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒருவனிடம் ஒப்படைத்தார்கள். அவன் அதன்பின் யாருக்கும் இடம் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடமே அமைதியாகிவிட்டது. இவ்வளவு அமைதி நல்லதில்லையே என்று பெரிய டீச்சர் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் மைதானம் முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். ஒருவன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாலு குட்டிகளுக்குக் கதையை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எலும்புக்கூட்டைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் விலா எலும்பை எண்ணி ஒப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு கூட்டம்.

“என்னடா, பக்கம் காஞ்சுடுச்சே, திருப்பலையா?” என்று சின்ன டீச்சர் ஒருவனைக் கேட்டார்.

“இருங்க டீச்சர், இந்தப் பக்கத்தை இன்னும் முடிக்கலை.”

பெரிய டீச்சரின் மனதில் இது எதுவும் பதியவில்லை. அவர் பார்த்ததெல்லாம் வாசலைத்தான். இந்தக் கோலத்திலா அந்த ஆள் உள்ளே வரவேண்டும்? வகுப்பில் ஒரு பிள்ளை இல்லை, கரும்பலகையில் ஓர் எழுத்து இல்லை, தாழ்வாரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மதியம் போனது. மூன்று மணிக்குக் குழாய்க்காரர் வந்து புதுக் குழாய் மாட்டினார். போகும்போது, “இப்ப நிஜமாவே நல்லா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு அடிக்கப் பத்து நிமிடம். யாரும் வரவில்லை.

பெரிய டீச்சர் தாழ்வாரப் படியில் உட்கார்ந்துவிட்டார். வராமல் விட்டால் மட்டும் தப்பித்தோம் என்று அர்த்தமா? எங்கேயாவது மறைந்து நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். பதினொரு தடவை ‘நன்று’ வாங்கிக் கொடுத்த பெட்டி, உள்ளே ஒன்றும் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவருக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைப்பது போலக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ‘ஏன்’. மடியில், வெயிலில் காய்ந்து அப்பளமாகப் பொருமிய ஒரு புத்தகம்.

“யாரைப் பாத்துக்கிட்டே இருக்கீங்க டீச்சர்?”

இந்த நிலைமையில் மறைக்க என்ன இருக்கிறது என்று பெரிய டீச்சருக்குத் தோன்றியது. “நம்ம பள்ளிக்கூடத்துக்கு மார்க் போட ஒருத்தர் வரணும் கண்ணு. இன்னும் காணோம்.”

“அவங்க வர மாட்டாங்க டீச்சர்.”

மூன்று வாரமாக அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்த பெரிய டீச்சர், முதல்முறையாகத் தாமே அதைக் கேட்டார்.

“ஏன்?”

“எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் ஒரு பெட்டி இருக்குமாம், நேர்ல போனா அதைத்தான் திறந்து காட்டுவாங்களாம், அதனாலதான் எங்கம்மா என்னை இங்க சேத்துவிட்டு, தினம் சாப்பிடறப்போ என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட கேட்டு எழுதிக்கறாங்க, இன்னிக்குதான் கடைசி நாளாம்... டீச்சர், இந்தப் புத்தகத்துல பாதிதான் படிச்சிருக்கேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா?”