குழாயை மட்டும்தான் தொடும்

பம்பின் மூடியைத் திறந்ததும் கருவாட்டு மணம் குப்பென்று வந்தது. சூசைதாசன் படாரென்று அதை மூடினார்.

நேற்று சட்டன் நகரில் ஒரு கருவாட்டுச் சம்பல் ஆலையில் இதே பம்பை விற்பதற்காக ஓட்டிக் காட்டியிருந்தார். முதலாளி மறுநாள் காலையில்தான் வருவார் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த எரிச்சலில் குழாயை மாற்ற மறந்துபோனார். இன்று நிற்பதோ செவன் கிங்ஸில், சுத்த சைவத் தோசைமா ஆலையில். கோயில் அன்னதானத்துக்கும் இங்கிருந்துதான் மா போகிறது. இங்கும் பம்ப் விலைபோகாவிட்டால் ஏஜென்சியைப் பிடுங்கிவிடுவோம் என்று அதைச் செய்யும் ஜெர்மன் கம்பெனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

"என்ன தம்பி, இன்னும் தொடங்கேல்லையோ?" முதலாளி கமலேஸ்வரி கோட்டைக்கூடக் கழற்றாமல் அவசரமாக உள்ளே வந்தார். முட்டை போட்ட கேக்கையே வாசலோடு திருப்பி அனுப்புகிறவர்.

"தொடங்கிறன் அக்கா. இது பெரிஸ்டால்டிக் பம்ப். உருளை குழாயை நசுக்கி நசுக்கித் தள்ளும். எங்கட குடல் சாப்பாட்டைத் தள்ளுறமாதிரி."

"குடலோ? அந்தச் சொல்லே இஞ்சை வரப்படாது!"

"சரி, பற்பசையைப் பிதுக்கிறமாதிரி எண்டு வையுங்கோவன். மெல்லத் தள்ளுறதாலை புளிச்ச மாவின்ர நுரை கலையாது. மா குழாயை மட்டும்தான் தொடும், பம்பைத் தொடாது."

அந்தக் குழாய் நேற்று எதைத் தொட்டது என்பதை அவர் சொல்லவில்லை.

"முதல்லை வெறும் தண்ணியிலை காட்டுறன்" என்று சுடுதண்ணீரை ஓடவிட்டார். அப்படியே கழுவிவிடலாம் என்ற கெட்டித்தனம். சுடுதண்ணீர் பட்டதும் மணம் ஆவியோடு கிளம்பி ஆலை முழுவதும் பரவியது. பைக்கற்றில் மா நிரப்பிக்கொண்டிருந்த றொசாந்தி மூக்கைச் சுளித்தபடி கமலேஸ்வரியைப் பார்த்தாள். கமலேஸ்வரி இரண்டடி பின்னால் போய், கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டார்.

"அக்கா, ஒரு தேசிக்காய் கிடைக்குமோ?"

"அட, நல்ல காரியத்துக்குக் கேக்கவேண்டியதைத்தான் கேக்கிறீங்கள்!"

கமலேஸ்வரி சாமிப்படத்தடியில் இருந்த ஒரே எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து, பம்ப் நின்ற தள்ளுவண்டியின் சில்லுக்கடியில் வைத்தார். "உருட்டுங்கோ!"

சூசைதாசன் கிறிஸ்தவர். என்றாலும் உருட்டினார். குழாயைக் கழுவியிருக்கவேண்டிய புளி தரையோடு போனது.

இனி ஒரு வழிதான் இருந்தது. "இது பின்பக்கமாவும் ஓடும் அக்கா. ஏதும் அடைச்சால் தானே துப்பிப்போடும்."

துப்பியது. வாளிக்குள் ஒரு துண்டுக் கருவாடு விழுந்தது. கமலேஸ்வரி எட்டிப் பார்க்குமுன் சூசைதாசன் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"என்னது அது?"

"ரப்பர்த் துண்டு."

"ரப்பரைத் தின்னுறீங்களோ?"

"சாப்பாட்டுக்கெண்டே செய்த ரப்பர் அக்கா. அதுவும் இதின்ர ஒரு நன்மை."

உண்மையில் நல்ல உறைப்பாகத்தான் இருந்தது.

"சரி, இனி மாவை விட்டுக் காட்டுங்கோ. அன்னதானத்து மா அந்தத் தொட்டியிலை கிடக்கு."

ஏஜென்சி போனால் போகட்டும், சாமிக்குப் போகிற மாவில் கருவாடா? சூசைதாசனுக்கு மனம் வரவில்லை.

"ஏலாது அக்கா. ஒரு விசயம் சொல்லவேணும். இந்த மணம்..."

கமலேஸ்வரியின் முகம் வெளிறிவிட்டது.

"மணமோ? என்ன மணம்? எனக்கு ஒண்டும் மணக்கேல்லை! பம்ப் திறமான பம்ப். நான் எடுக்கிறன், கொண்டுவந்து பூட்டுங்கோ. கோயிலாக்கள் வரப்போகினம், நீங்கள் கெதியா வெளிக்கிடுங்கோ!"

"புதுக் குழாயோடைதான் கொண்டுவருவன் அக்கா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், கமலேஸ்வரி கோட்டை இறுக்கிப் பிடித்தபடி ஓட்டமும் நடையுமாகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடந்ததை நம்பமுடியாமல் சூசைதாசன் தள்ளுவண்டியை வாசலுக்கு உருட்டினார். றொசாந்தி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தங்கச்சி, அக்காவுக்கு என்ன நடந்தது?"

றொசாந்தி குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. அவ காலையிலை சட்டனிலை தன்ர கருவாட்டுச் சம்பல் ஆலைக்குப் போயிட்டு நேரை வந்தவ, மணம் தன்ர கோட்டிலையிருந்துதான் வருதெண்டு நினைச்சிட்டா!"