ஆறு ராத்தல்தானே!

மனிதர்களில் ‘அப்படியே இதையும்’ என்றொரு இனம் உண்டு. புலியைப் போல அருகிவரும் இனமல்ல. நாலு பேர் கூடி எதையாவது செய்யும் இடத்தில் ஐந்தாவதாக வந்து நிற்கும். அது முழு வளர்ச்சியடைந்து, மீசை முறுக்கி, சீருடை அணிந்து உலவுவதைப் பார்க்க வேண்டுமானால், நீங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடத்து பிரிட்டிஷ் கடற்படைக்குத்தான் வர வேண்டும். கப்பலின் மேல்தளத்திலிருந்து கிளம்பி, வயிற்றில் கட்டிய, தண்ணீருக்குள் பாய்ந்துபோய் வெடிக்கும் டார்பிடோவை எதிரிக் கப்பலின் விலாவுக்குக் குறிவைத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டிய விமானத்தை அங்கே கமிட்டி வைத்து வடிவமைத்தார்கள்.

சவுத்தாம்ப்டன் கரையோரப் பட்டறை ஒன்றின் தலைமை வடிவமைப்பாளர் பென்கெல்லிக்குக் கடற்படையின் தேவைகளைச் சொல்ல வாய்த்தவர் கமாண்டர் லுட்லோ. கெட்டவரா? அப்படியிருந்தால் ஒரு நாள் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாமே. வாசலில் காலணியை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். பென்கெல்லியின் மனைவிக்கு இருமல் எப்படி என்று உண்மையான அக்கறையோடு விசாரிப்பார். பிறகு தேநீரை ஒரு வாய் பருகிவிட்டு, “ஒரு சின்ன விஷயம்...” என்பார். பென்கெல்லி அழிரப்பரை எடுத்துக்கொள்வார்.

முதலில் கேட்டது டார்பிடோ போட ஒரு விமானம். அது போகிற வழியில் அப்படியே எதிரியைத் தேடினால் என்ன? தேடுகிறவர் அப்படியே நம் பீரங்கிக் குண்டுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்துச் சொன்னால் என்ன? அவ்வளவு தூரம் போனது செங்குத்தாகப் பாய்ந்து ஒரு குண்டையும் போட்டுவிட்டு வந்தால் என்ன? இத்தனைக்கும் ஆட்கள் மூவர், அவர்களுக்கு இருக்கை, மேசை, வயர்லெஸ். எல்லாம் வளர்ந்தது, வளராதது விமானத்தைக் கப்பலின் மேல்தளத்துக்கு ஏற்றும் லிஃப்ட் மட்டும்தான். அதற்குள் நுழைய இறக்கைகளை மடித்தாக வேண்டும், மடிக்க வைக்கும் கீல்களும் எடைதான்.

இந்த இனத்துக்கு அந்தப் பொருள்களின் மேல் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஆசை என்றால் ஒரு நாள் அலுத்துப்போகும். இது பயம். ஒன்று இல்லாமல் போனால், ஏன் கேட்கவில்லை என்று விசாரணை வரும். ஒன்று கூடுதலாகப் போனால்? அதற்காக யாரையும் எந்த விசாரணையிலும் நிறுத்தியதில்லை. கடலில் விழுந்த விமானம் எதனால் விழுந்தது என்று கேட்டால் காற்றைச் சொல்லிக்கொள்ளலாம்.

விழப்போவது யார் என்பது பென்கெல்லிக்குத் தெரியும். லெப்டினன்ட் ஹாக்ஸ்டன். வருகிற வசந்தத்தில் டார்பிடோவோடு முதன்முதலாகக் கப்பல் தளத்திலிருந்து எழும்ப வேண்டியவன். கணக்குப்படி இன்னும் நாற்பது ராத்தல், அதாவது பதினெட்டு கிலோ, தாங்கும். அதற்கு மேல் போனால் தளத்தின் முனையில் விமானம் எழும்பாமல் கடலில் குதிக்கும். பின்னாலேயே கப்பல் வந்து அதன் மேல் ஏறும்.

தகட்டை வெட்டுவதற்கு முன் விமானத்தை அதே அளவில் மரத்தில் செய்து நிறுத்துவது அங்கே வழக்கம். கடற்படை அதிகாரிகள் வந்து ஏறி உட்கார்ந்து, வேண்டியதைச் சொல்வார்கள். அன்று சொல்லாததைப் பிறகு சொல்ல முடியாது. ஆகவே அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

முன் இருக்கையில் ஹாக்ஸ்டன் உட்கார்ந்திருந்தான். லுட்லோ நடு இருக்கையில் ஏறி அமர்ந்தார். இறக்கையின் பலத்தைச் சோதிக்க வைத்திருந்த ஈயக்குண்டுப் பைகளை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பென்கெல்லி பக்கத்தில் நின்றார்.

“ஒரு சின்ன விஷயம், பென்கெல்லி. இங்க இன்னொரு திசைகாட்டி. ஆறு ராத்தல்தானே!”

“தாராளமா, சார்.” ஆறு ராத்தல் பை கமாண்டரின் மடியில் உட்கார்ந்தது.

“இது எதுக்கு?”

“எடை எப்படி இருக்கும்னு நீங்க பார்த்துக்கத்தான் சார். மேல சொல்லுங்க.”

கமாண்டர் சிரித்தார். சொன்னார். வயர்லெஸ் கெட்டுப்போனால் சேதி அனுப்பப் புறாக்கூண்டு, பதினொன்று. வரைபட அலமாரி, பத்தொன்பது. வெயில் கூசாமலிருக்க ஜன்னலுக்குத் திரை. கடலில் இறங்க நேர்ந்தால் தண்ணீர் இறைக்க ஒரு கான்வாஸ் வாளி. இப்படி இன்னும் ஏழெட்டு. மடி நிறைந்து பைகள் மோவாய்வரை ஏறின. மீசை மட்டும் வெளியே தெரிந்தது.

“கால் மரத்துப்போச்சுய்யா! எத்தனை ஆச்சு?”

“அறுபத்தெட்டு. நாற்பதுதான் தாங்கும்.”

“அப்ப எதையாவது எடுத்துடுங்களேன். இதுல ரொம்ப கனமானது எது?”

“டார்பிடோ சார். ஆயிரத்து அறுநூறு.”

“அடேயப்பா!” கமாண்டருக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. “அதைக் கொஞ்சம்...”

முன் இருக்கையிலிருந்து ஹாக்ஸ்டன் மெதுவாகத் திரும்பினான்.

“அப்ப எதிரிக் கப்பல் மேல நான் என்ன சார் போடறது? புறாவையா?”

மீசைக்கு மேலே கமாண்டர் சிவந்தார். அவர் அப்போது தம்மை நினைத்தாரா, எதிரே இருந்த பையனின் முதுகை நினைத்தாரா, யார் கண்டது? கடைசியில், “எல்லாத்தையும் எடுங்கப்பா” என்றார். “அந்தத் திசைகாட்டியையும்.” கீழே இறங்கக் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

பென்கெல்லி இரண்டு வருடத்தில் முதன்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டார். நாற்பது ராத்தலும் மிச்சம்! பையன் பிழைத்தான். ஏணியில் ஏறி, ஹாக்ஸ்டனின் இருக்கைக்குள் பிரியத்தோடு எட்டிப் பார்த்தார்.

“ஏம்ப்பா, வலது முழங்கைக்குக் கீழ கொஞ்சம் இடம் இருக்கே. உன் டீ ஃபிளாஸ்க் வைக்க ஒரு குட்டித் தட்டு அடிச்சுத் தரட்டுமா? அரை ராத்தல்கூட வராது.”

ஹாக்ஸ்டன் தள்ளுவண்டியில் இருப்பதிலேயே சின்னப் பையை எட்டி எடுத்தான்.

“மடியைக் காட்டுங்க, பென்கெல்லி சார்.”

கமாண்டரைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள், சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் தட்டு விஷயம் வந்தபோது, பாவம், குளிரில் பறக்கிற பையன், அரை ராத்தல்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியிருந்தால், உங்கள் மடியையும் கொஞ்சம் காட்டுங்கள்.