களை காத்துப் பயிர் பறித்த படலம்

வாழி! மூன்று பட்டங்களைப் பெயருக்குப் பின்னே பரிவாரமாய் நடத்தி வருபவனும், மடிப்புக் கலையாத வெண்சட்டையனும், பதினான்கு ஆண்டுகள் பயிர்ப்பாடம் எடுத்தும் பாதத்தில் சேறு காணாதவனுமாகிய வேளாண் பயிற்சியாளப் பெருமான் வாழி! களையென்னும் கொடும்பகையை வெல்ல அவன் ஒரு பெண்ணின் நடவு வயலில் இறங்கிய வீரத்தைச் சொல்லப் புகுகின்றேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

காலை முழுதும் கூடத்தில் திரைகட்டிப் படங்காட்டி, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று கூரை அதிர முழங்கினான் அவன். இலையும் தண்டும் கூடும் மூட்டில் நாப்போன்ற சிறுசவ்வு இருப்பின் அது நெல். இல்லையேல் நெல்வேடம் பூண்ட களைப்புல். இதுவே நூல்நெறி. வயிறார உண்டெழுந்த பெருமானோ அதைத் தலைகீழாக நினைவில் வைத்திருந்தான்.

நாற்பது உழவர் வரப்பில் அணிவகுக்க, முழங்கால்வரை ரப்பர்க் காலணி பூண்டு, மதயானை புகுந்தாற்போல் வயலுள் புகுந்தான். அவ்வயலோ அவ்வீட்டுக்கு ஆண்டு முழுதும் அரிசி தரும் ஒரே வயல். “எதிரியை இளமையிலேயே ஒழிப்போம்!” என்று ஆர்ப்பரித்து, சவ்வுடைய நாற்றையெல்லாம் கொத்துக் கொத்தாய் வேரோடு பறித்து வரப்பில் எறிந்தான்.

வயலுக்குரியவள் வயிறெரிந்து கத்தினாள். “ஐயா, நீங்க புடுங்கறது நெல்லுங்க! விட்டு வைக்கிறதுதான் களை!”

“ஏம்மா, காலையில படம் போட்டுக் காட்டினப்போ தூங்கிட்டியா?”

நாற்பதின்மரும் அறிவர், அது நெல்லென்று. ஒருவரும் வாய் திறந்திலர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இன்னும் ஆகவில்லை. கையெழுத்தில்லையேல் சான்றிதழில்லை, சான்றிதழில்லையேல் அடுத்த பருவத்துக்கு மானிய விதையில்லை. பெருமானை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்த நாற்பது பேரை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் கணவனும் அந்நாற்பதில் ஒருவன். அவள் கையைப் பிடித்து இழுத்தான். “சும்மா இரு. கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பிடுவாரு.”

“அதுக்குள்ள வயலே முடிஞ்சு போயிடுமே!”

முடிந்தேபோயிற்று ஒரு பாத்தி. பறித்த நெல்லைப் பகைவன் தலைபோல் உயர்த்திப் பிடித்துப் பெருமான் படமெடுத்துக்கொண்டான். எஞ்சி நின்ற களைகளுக்கு யூரியாவை வாரி வாரி வழங்கினான். பசித்த புல்லுக்கு அப்படியொரு விருந்து அதன் குலத்திலேயே எவர்க்கும் வாய்த்ததில்லை. உழவர் கைதட்டினர். பதிவேடு வந்தது, நாற்பது கையெழுத்தும் விழுந்தன, திசையெட்டும் புழுதி பறக்க வெற்றித்தேராகிய ஜீப்பில் ஏறி அகன்றான் களைவென்ற வீரன்.

அவள் சேற்றில் இறங்கி, வாடாத நாற்றாகப் பொறுக்கித் திரும்ப நட்டாள்.